குளியலறைக்குப் பச்சை

என் வாழ்நாளில் யாரையும் கேட்காமல் நானே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம் ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு எங்கள் வீட்டில் நிறத்தைப் பற்றி யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. வாசல் கதவுக்கு வர்ணம் பூசும்போதும் சரி, மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்கும்போதும் சரி, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்களேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். நானும் மரியாதையாக வெளியில் போய்விடுவேன். போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பாகூரில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்துகொண்டிருந்தது. நான் மேரியில், அதாவது கொம்யூன் என்கிற ஊராட்சியின் ஆபீசில், எழுத்தனாக இருந்தேன். பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் கல்யாணம் செய்துகொண்டவர்களையும் பிரெஞ்சில் எழுதி வைப்பது என் வேலை. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்து இரண்டு எழுத்துப் பிரெஞ்சு படித்துவிட்டதால் எனக்குத் தலையில் கொஞ்சம் கனம் இருந்தது. மழைக்காலத்துப் பாகூர்ச் சேற்றில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியவன் ஊரில் நான் ஒருவன்தான். பாதி வழியில் அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போனவனும் நான் ஒருவன்தான்.

என் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் சீமையில், திருப்பாப்புலியூரில் பிறந்தவள். அவள் பிறந்த வீட்டில் குளிப்பதற்கென்றே நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள அறை இருந்தது. எங்கள் வீட்டில் கிணறு இருந்தது. ஆண்கள் நினைத்த நேரத்தில் நினைத்தபடி குளித்தோம். பெண்கள் விடிவதற்குள் எழுந்து, கட்டிய புடவையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஒரு காதைத் தெருப் பக்கம் வைத்தபடி குளித்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு யாராவது வரும் சத்தம் கேட்டால் பாதிக் குளியலில் உள்ளே ஓடிவர வேண்டும். அவளும் வந்த நாள் முதல் அப்படித்தான் குளித்தாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப் பிரசவத்துக்கு அவளை அழைத்துப்போக மாமியார் வந்திருந்தார். வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் என்னைச் சமையற்கட்டுப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். புள்ளையோட நான் திரும்பி வர்றப்போ நாலு செவுரும் ஒரு கதவும் இருக்கணும். கெணத்தடியில பயந்து பயந்து குளிச்சது போதும்."

கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பிரமாதமா செஞ்சுடறேன்" என்றேன். அவள் கேட்டது சுவர்தான். பிரமாதம் என்பது நானாகச் சேர்த்த சொல்.

சுவர் எழும்ப அதிக நாள் ஆகவில்லை. கிணற்றுக்கு அருகிலேயே செங்கல் வைத்துக் கட்டி, மேலே தளம் போட்டு, கீழே கடப்பைக்கல் பதித்து, மூலையில் ஒரு தொட்டியும் கட்டினோம். கொத்தனார், "சன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டார். சன்னல் வைத்தால் எட்டிப் பார்க்க இடம் கொடுத்த மாதிரி ஆகும், வேண்டாம் என்றேன். அது வெளியில் சொன்ன காரணம். மனசுக்குள் இருந்த காரணம் வேறு. உள்ளே பூசப் போகும் நிறத்தை அதற்குள் நான் முடிவு செய்திருந்தேன். அழகான சுவரின் நடுவில் ஓட்டை வேண்டாம் என்று பட்டது.

அந்த நிறத்தை நான் புதுச்சேரியில் வெள்ளைக்காரர் தெருவில் பார்த்தேன். ஒரு துரை வீட்டுக்குக் காகிதங்கள் கொண்டுபோய்க் காத்திருந்தபோது, தாழ்வாரக் கடைசியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே குளியலறை. சுவர் முழுக்க இளம் பச்சை. நாற்று நட்டு வேர் பிடித்ததும் வயலில் ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்த வீட்டுச் சமையல்காரர், அருகில் வந்து மெதுவாக, "அவசரமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். ஆனால் அந்தப் பச்சை என்னோடு பாகூர் வரைக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "குளிக்கிற ரூமுக்கு வேர் அடிக்கப் போறேம்மா."

"வேரா? எந்த மரத்து வேருடா?"

"வேர்னா பிரெஞ்சுல பச்சை."

"அப்போ பச்சைன்னு சொல்லித் தொலையேன். இம்மாம் படிச்சிட்டு வேரு, கொடின்னு பேசிக்கினு நிக்கற."

அன்று முதல் பச்சை என்றே சொன்னேன். வேர் என்றே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆடியில் மகள் பிறந்தாள். நான் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம் தெரிந்தது. விரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். அதுவரை நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பிறப்பை எழுதியிருக்கிறேன். ஒரு குழந்தைகூட என் விரலைப் பிடித்ததில்லை. அந்தக் கையை விடுவித்துக்கொண்டு ஊர் திரும்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் மாதம் முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறோம், அதற்குள் குளியலறையை முடித்து வையுங்கள் என்றார் மாமியார். அந்த நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் செய்ததையெல்லாம் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

புரட்டாசிக் கடைசியில் வெள்ளையடிக்க ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தேன். என் வயதுதான் அவருக்கும். மேரியில் வேலை பார்க்கிறேன் என்பதற்காக துரைகளைக் கூப்பிடுவதுபோல் என்னையும் "முசே" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே வேறு ஆளை நான் தேடவில்லை. அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. உலகத்திலுள்ள எல்லாச் சுவருக்கும் ரோஸ் அடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"ரோஸ் அடிச்சிடலாம் முசே. உள்ள போனா கல்யாண வூடு மாதிரி இருக்கும்."

"குளிக்கிற எடத்துல எதுக்குய்யா கல்யாணம்? பச்சைதான்."

கடையில் பச்சைப் பொடி வாங்கிவந்து, சுண்ணாம்பில் கரைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, நார் மட்டையால் அடித்தோம். ஈரத்தில் பார்த்தபோது பாசி பிடித்த குளம்போல் இருந்தது. பயந்துவிட்டேன். கொஞ்சம் உலர்ந்ததும் வெளுத்து, ஒன்றுமே அடிக்காததுபோல் ஆயிற்று. அதற்கும் பயந்தேன். பொடியைக் கூட்டி இன்னொரு பூச்சு அடித்தோம். மறுபடி குளம். மறுபடி வெளுப்பு. துரை வீட்டுப் பச்சை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. அதைப் பிடிப்பதற்குள் ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினால் மாமனார்தான் உறையைப் பிரிப்பார். அதனால் எங்களுக்கு அஞ்சல் என்பது ஒரு கருவாட்டுக்காரம்மாதான். கடலூர்ப் பக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை கூடையோடு எங்கள் ஊருக்கு வருவார். எல்லையிலுள்ள சுங்கச் சாவடியில் எல்லாருடைய மூட்டையையும் பிரித்துப் பார்க்கிற சேவகர்கள் அவருடைய கூடைக்குள் மட்டும் கை விடமாட்டார்கள். என் மனைவி வீட்டிலும் கருவாடு அவரிடம்தான் வாங்கினார்கள். சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வந்து சொல்லுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

ஒருநாள் கூடையை இறக்குவதற்கு முன்பே சொன்னார்.

"தம்பி, உங்க வூட்டுக்காரம்மா சேதி சொல்லி அனுப்பிச்சுது. செவுரு பச்சையா இருந்தா வரமாட்டாங்களாம்."

"யார் சொன்னது?"

"அதுவேதான். புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே சொல்லிச்சு. 'செவுரு பச்சையா இருந்தா நான் வரமாட்டேன், கண்டிப்பா சொல்லிடு'ன்னுச்சு."

அம்மாவுக்கு நெத்திலி அளந்து போட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் குளியலறை வாசலில் நின்று, மூன்று பூச்சு வாங்கியிருந்த என் பச்சையைப் பார்த்தேன்.

பச்சை அடித்தேன் என்று அவளுக்கு யார் சொன்னது? கருவாட்டுக்காரம்மா பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சரி, பச்சையில் அவளுக்கு என்ன வெறுப்பு? இரவெல்லாம் யோசித்தேன். விடியும்போது விடை கிடைத்துவிட்டது. எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டில் எடுத்துப்போனது பச்சைப் புடவை. அதைப் பார்த்ததும் பெண் வீட்டு அத்தை ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். ஆக, அந்தப் பழைய கணக்கை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. என் குளியலறையில் வந்து தீர்த்துக்கொள்கிறார்கள்!

இவ்வளவு நுட்பமாக யோசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளை யோசிக்கத் தெரியவில்லை.

காலையில் அம்மாவிடம் போய் நியாயம் கேட்டேன். "பச்சையா இருந்தா வரமாட்டாளாம். இது இன்னாம்மா பேச்சு?"

அம்மா கருவாட்டைக் கழுவிக்கொண்டே, "அவ சொல்றது நாயந்தானேடா. பச்சையா இருந்தா ஒடம்புக்கு ஆகாது. சளி புடிச்சிக்கும்" என்றாள்.

பச்சை நிறத்தைப் பார்த்தால் சளி பிடிக்குமாம்! எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். துரை தினமும் அந்தப் பச்சைக்குள்தானே குளிக்கிறார்? ஒரு தும்மல்கூட இல்லாமல் கட்டுமஸ்தாகத்தானே இருக்கிறார்? நம் பெண்களை இந்த மூட நம்பிக்கையிலிருந்து எப்போதுதான் மீட்பது என்று பெருமூச்சு விட்டேன். படித்தவன் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நீலம்" என்றேன்.

"ரோஸ்..." என்று ஆரம்பித்தார்.

"நீலம்."

நீலம் அடித்தோம். மழை நின்ற நேரத்தில் அடித்து, மழை பெய்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாளே கருவாட்டுக்காரம்மா வந்ததால் சூட்டோடு சூடாகச் செய்தியும் சொல்லி அனுப்பினேன்.

"இனிமே பச்சை கிடையாதுன்னு சொல்லுங்க. நேத்துதான் மொத்தமா மாத்தி அடிச்சேன்."

அடுத்த வாரம் பதில் வந்தது.

"நேத்து அடிச்சதுன்னா இன்னும் பச்சையாத்தான் இருக்கும், அவருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது, நல்லாப் பாக்கச் சொல்லுன்னுச்சு தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு சந்தேகம் வந்து, உள்ளே போய் ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால், மட்டை சரியாகப் போகாத இடுக்கில், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே இருந்தது. ஆற்றுக்கு அப்பால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, பாகூரில் தொட்டி இடுக்கில் இருப்பது எப்படித் தெரிந்தது? அவள்மேல் அதுவரை எனக்கு அன்பு இருந்தது. அன்று முதல் பயமும் வந்தது.

நீலம் இந்தப் பச்சையை மறைக்காது, இதைவிட அழுத்தமான நிறம் வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டு மஞ்சள் பொடி வாங்கிவந்தேன். மேஸ்திரி மஞ்சளைக் கரைத்து நீலத்தின்மேல் ஒரு பக்கச் சுவரை அடித்து முடித்தார். இரண்டு பேரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தோம்.

சுவர் பச்சையாக இருந்தது.

மேஸ்திரி மட்டையை வாளியில் போட்டுவிட்டு, "முசே, இது நான் அடிக்கல" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்கார வாத்தியார் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்ததால் பரீட்சைக்கு மட்டும் உதவும் என்று நினைத்துவிட்டேன். மீதிச் சுவர்களை என்ன செய்வது என்று தெரியாமல், ஒரே மாதிரியாகவாவது இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அதே பச்சையாக அடித்து முடித்தோம். அது துரை வீட்டுப் பச்சையும் இல்லை, என் முதல் பச்சையும் இல்லை. அழுகிய வாழைத்தாரின் பச்சை.

இதற்குள் மூன்றாம் மாதம் எப்போதோ முடிந்து, கார்த்திகையும் பாதி போயிருந்தது. கருவாட்டுக்காரம்மா வந்தார். இந்தத் தடவை முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, உம்மவ குப்புறிச்சிக்கிச்சு! நான் கூடையோட நிக்கறேன், எங்கண்ணு முன்னாலேயே பொறட்டிக்கினு தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. வூடே கூடிடுச்சு போ!"

அம்மா கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் என்னவோ கழன்று விழுந்தது. என் மகள் முதல் தடவை குப்புற விழுந்தபோது அந்த வீட்டில் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். கருவாட்டுக் கூடைகூட இருந்திருக்கிறது. நான் மட்டும் இல்லை. நான் இங்கே நீலத்தின்மேல் மஞ்சள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அது திரும்ப வரப்போவதில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. கருவாட்டுக்காரம்மாவுக்கு எதிரில் எப்படி அழுவது?

"அப்புறம், செவுரு இன்னும் பச்சையாத்தான் இருக்குதான்னு கேட்டுச்சு" என்றார் அவர்.

"ஆமாம். பச்சையாத்தான் இருக்குது" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு தோற்ற குரலில் நான் எதையும் சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிளம்பிவிட்டேன். அந்தப் பச்சைப் புடவைக் கணக்கை இன்றோடு பேசித் தீர்ப்பது, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டுதான் திரும்புவது என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். சுங்கச் சாவடியில் சேவகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நகக்கண்ணிலெல்லாம் பச்சையும் நீலமும் மஞ்சளும் இருந்தன.

"இன்னாய்யா இது? எந்தச் சரக்கக் கடத்தற?"

"குளிக்கிற ரூமுக்கு நெறம் அடிச்சேன்."

அவர் என் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "குளிக்கிறதுக்கு எதுக்குய்யா இத்தினி நெறம்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டு என்னைப் போகவிட்டார்.

மாமியார் வீட்டில் கூடத்தில் பாய் விரித்துக் குழந்தையைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். தயார் செய்த பேச்சில் பாதி அவளைப் பார்த்ததுமே மறந்துவிட்டது. மீதியைச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்கும் பச்சைக்கும் என்ன பகை? பச்சை வேணாம்னே. நீலம் அடிச்சேன். அதுக்கும் குத்தம் சொன்னே. மஞ்சள் அடிச்சேன், அதுவும் பச்சையாயிடுச்சு. நான் இன்னா பண்றது? அந்த நிச்சயப் புடவைய எடுத்தது எங்க பெரியம்மா. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் என்னையே பார்த்தாள். மாமியார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"நான் எப்போங்க நெறத்தப் பத்திச் சொன்னேன்?" என்றாள் அவள்.

"செவுரு பச்சையா இருந்தா வரமாட்டேன்னு சொல்லலியா?"

"சொன்னேன். பச்சையா இருந்தான்னா, பூச்சு காயாம ஈரமா இருந்தான்னு. நானே பச்ச ஒடம்புக்காரி, கையில பச்சப் புள்ள. பச்சச் செவுத்துக்குள்ள போயித் தண்ணி ஊத்திக்கினா ஜன்னி வராதா? அதுக்குத்தான் காயட்டும்னேன்."

மாமியார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எப்போதும் சிரிக்காத மாமனார் துண்டால் வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் தோள் குலுங்கியது பின்னாலிருந்து தெரிந்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அப்போ ஒவ்வொரு தரமும் புதுசு புதுசா அடிச்சீங்களா? காய உடாம?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. சுவரை அப்படியே விட்டிருந்தால் ஐப்பசியிலேயே காய்ந்திருக்கும். பச்சையாக இருக்கக் கூடாது என்று நான் ஒவ்வொரு தடவை பூசியபோதும் அதைத் திரும்பவும் பச்சையாக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன சளியும் புரிந்தது. துரையின் ஆரோக்கியத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

இந்த இரைச்சலில் பாயில் கிடந்த என் மகள் ஒருக்களித்து, காலை உதைத்து, தொப்பென்று குப்புற விழுந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் அது பழைய செய்தி. எனக்கு அதுதான் முதல் தடவை. நான் பாயில் அவளுக்கு எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மாமியார் எதிரில் அப்படிப் படுக்கலாமா என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

"கடைசியா எப்போ அடிச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"முந்தாநாள்."

மாமியார் விரல் விட்டு எண்ணினார். "அது காயறதுக்குள்ள மார்கழி பொறந்துடும். மார்கழியில அனுப்ப மாட்டோம். தை பொறக்கட்டும்" என்றார். என் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து தொட்டில் புடவையை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள்.

"தை வரைக்கும் இவர உட்டா இன்னும் நாலு நெறம் அடிப்பாரும்மா. நான் போயி ஒக்காந்தாத்தான் அந்தச் செவுரு காயும்."

மார்கழி பிறப்பதற்கு முன்பே நல்ல நாள் பார்த்து அழைத்துவந்துவிட்டோம். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மிச்சமிருந்த பொடிகளையெல்லாம் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்ததுதான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரோஸ் இல்லீங்களா?" என்று கேட்டார். சுவர் காயும் வரை எனக்குக் கிணற்றடிப் பக்கம் போகத் தடை. அவள் சமையற்கட்டு மூலையில் வெந்நீர் வைத்துக் குளித்தாள். குழந்தையை அம்மா வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். எந்தக் கைக்குழந்தையும் எந்தக் குளியலறையிலும் குளிப்பதில்லை என்பதுகூட அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் அவள் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சு" என்றாள். தச்சரும் அன்றுதான் கதவைக் கொண்டுவந்து மாட்டினார். அதுவரை வாசல் திறந்தே கிடந்தது. மாற்றுப் புடவையும் வெந்நீர் அண்டாவுமாக அவள் உள்ளே போனாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியில் நின்றேன். என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க வேண்டுமே. அழுகிய வாழைத்தார் என்றாலும் பரவாயில்லை, மனசைத் திடப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க."

"என்ன?"

"ஒண்ணுமே தெரியலயே. கும்மிருட்டா இருக்குது. சன்னல் எங்க?"

அந்தச் சன்னலை நான் ஏன் வைக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் எந்த மொழியில் சொன்னாலும் கேட்கச் சகிக்காது. இரண்டு மாதமாக நான் பார்த்த பச்சையும் நீலமும் மஞ்சளும் கதவில்லாத வாசல் வழியாக வந்த வெளிச்சத்தில் பார்த்தவை. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போகிற ஒருத்திக்கு அதில் எதுவும் தெரியப் போவதில்லை. அவள் கேட்டதோ கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கத்தான்.

உள்ளே அவள் சிரித்தாள். அண்டாவில் சொம்பு முட்டும் சத்தம் கேட்டது.

"சரி உடுங்க. யாரும் பாக்க முடியாது, அதுபோதும். கடைசியில இன்னா நெறந்தான் அடிச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

எனக்கு இரண்டு மொழியில் நிறங்களின் பெயர் தெரியும். என் மகள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தாள்.

"காஞ்ச நெறம்" என்றேன்.

உள்ளே தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவள் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.